வகுப்பறை வெயிலுக்கும் பள்ளி வாசல் புகைக்கும் பதில் கேட்பது எப்படி? மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். இவை எல்லாம் நல்லவைதான். ஆனால் அதே பள்ளியில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே தலைவலியோடு மதியத்தைக் கடத்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த உறுதிமொழியால் ஒன்றும் மாறுவதில்லை. மாற வேண்டுமென்றால் எங்கோ ஓர் அலுவலர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை மாணவர்கள் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிப்பவர்களையும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர், பெற்றோரையும் மனதில் வைத்து எழுதியது இது. நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கானவை. சுருக்கமாக என் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன்: காலநிலை பற்றிப் பொதுவாகப் பேசும் மாணவரைப் பெரியவர்கள் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். தன் வகுப்பறையின் வெப்பநிலையைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வரும் மாணவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: குழந்தையின் உடல்

மனுவிலும் கூட்டத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இந்தப் பகுதிதான். நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். ஐந்து வயதுக் குழந்தை இருபது தடவைக்கு மேல் விடும். எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் பெரியவரைவிடக் கூடுதல் காற்று, கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு குழந்தையின் உடலுக்குள் போகிறது. அவற்றிலுள்ள நஞ்சும் கூடவே போகிறது. நுரையீரல் பதின்ம வயதின் இறுதிவரை வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சி தடைபட்டால் பிறகு முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. பெரியவர்களின் முகத்தைவிடச் சின்னப் பிள்ளைகளின் முகம் வாகனப் புகைக் குழாய்க்கு அருகில் இருக்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை, குழந்தையின் ரத்தத்தில் "இவ்வளவு இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உலகில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 93 விழுக்காட்டினர் மாசடைந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் 2018இல் சொன்னது. யூனிசெஃப் 2021இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான காலநிலை இடர்ப் பட்டியலில், இடர் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா 26ஆம் இடத்தில் இருந்தது.

லண்டனில் எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலைக்குப் பக்கத்தில் அவள் வீடு. அவளுடைய தாய் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவாக, 2020 டிசம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் காற்று மாசும் இந்த மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். புகை எத்தனை உயிரைக் குடித்தாலும், யாராவது பதிவு செய்யும்வரை அரசின் கணக்கில் அது இல்லாத ஒன்றுதான். உங்கள் குறிப்பேட்டுக்கு இருக்கும் மதிப்பும் இதனால்தான்.

படி 1: ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள்

"காலநிலை மாற்றத்தைத் தடு" என்று எழுதிய அட்டையை எந்த அலுவலரிடம் கொடுப்பீர்கள்? யார் வாங்கினாலும் அவர் மேசையில் அதற்கு வேலை இருக்காது. வெப்பமா, புகையா, குடிநீரா, மழை வந்தால் வளாகத்தில் தேங்கும் நீரும் அதில் பெருகும் கொசுவுமா? இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்: எங்கள் பள்ளியில் தினமும் இதனால் யாராவது துன்பப்படுகிறார்களா? எங்களால் இதை அளக்கவோ பதிவு செய்யவோ முடியுமா? இதைச் சரிசெய்யும் அதிகாரம் எங்களால் போய்ச் சேரக்கூடிய ஓர் அலுவலரிடம் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" வந்தால் அதுதான் உங்கள் பிரச்சினை.

சின்னக் கோரிக்கை, சின்ன லட்சியம் என்று நினைக்க வேண்டாம். 2019இல் பசிபிக் தீவுகளின் பல்கலைக்கழகமொன்றில், வனுவாட்டு வளாகத்தில் படித்த 27 சட்ட மாணவர்கள் சேர்ந்து ஒரே ஒரு கோரிக்கையை எடுத்தார்கள்: காலநிலையைக் காப்பதில் நாடுகளின் சட்டக் கடமை என்னவென்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும். முதலில் தங்கள் தீவுகளின் தலைவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23 அன்று, காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று அந்த நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது. இத்தனை பெரிய இடத்துக்குப் போனவர்கள்கூட கையில் கொண்டுபோனது ஒரே ஒரு கேள்விதான்.

இனி வரும் படிகளுக்கு வகுப்பறை வெப்பத்தையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்; புகைக்கும் நீருக்கும் வேறுபடும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

படி 2: குழுவும் பெரியவர்களும்

ஐந்து முதல் பத்துப் பேர் போதும். உங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றமோ தேசிய பசுமைப் படையோ இருந்தால் அதன் பெயரிலேயே தொடங்குங்கள். புதிய அமைப்புக்கு அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. குழுவில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கட்டும். அவர்கள் அறையில் நடப்பது பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனுக்குத் தெரியாது. மாணவிகள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். காரணம் கீழே வருகிறது.

தலைமையாசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பள்ளியைக் குறை சொல்லப் போகிறார்கள்" என்ற பயம் அவருக்கு வருவது இயல்பு. "ஐயா, கூரைக்கு நிதி கேட்க நீங்கள் எழுதும் கடிதத்துக்கு எங்கள் அளவீடு துணையாக இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். பல தலைமையாசிரியர்கள் அப்படியொரு துணைக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. அரசை வெளிப்படையாக விமர்சிக்க அவர்களால் முடியாது. அவர்களை அந்த இக்கட்டில் நிறுத்தாதீர்கள். மனு போக வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூடிப் பேசவும் தீர்மானம் போடவும் மேலே அனுப்பவும் அதிகாரம் உள்ள குழு அது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்த விதி பொருந்தாது; அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே போங்கள்.

படி 3: அளந்து எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு மனுவுக்குத் தாவிவிடாதீர்கள்.

வானிலை மையம் சொல்லும் வெப்பநிலை திறந்த வெளியில், காற்றோட்டமுள்ள நிழல் பெட்டிக்குள் அளக்கப்படுவது. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் "வெப்ப அலை" என்று அறிவிப்பார்கள். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளவீடு இருக்கிறது. ஷீட் கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையின் அளவீடு எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் உங்கள் வேலை.

கருவிக்குப் பணம் வேண்டாம். அறிவியல் ஆய்வகத்தில் வெப்பமானி இருக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வைத்து அளப்பது உலர் குமிழ் வெப்பநிலை. இன்னொன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியை நனைத்துக் கட்டி, துணியின் நுனியைச் சின்னத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டு, அளவு நிலைக்கும்வரை விசிறினால் கிடைப்பது ஈரக் குமிழ் வெப்பநிலை. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்த இரண்டாவது எண்தான் உண்மையைச் சொல்லும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. உடல் குளிர வழியில்லை. ஈரக் குமிழ் 35 டிகிரி என்பது மனித உடல் தாங்குவதற்கான கோட்பாட்டு எல்லை. அதற்கு வெகு முன்பே உடல் திணறத் தொடங்கிவிடும்.

அளக்கும் முறை:

- வெப்பமானி தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், அதாவது உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில் இருக்கட்டும். சுவரைத் தொடக் கூடாது, வெயில் படக் கூடாது.
- தினமும் ஒரே நேரங்களில் அளக்கவும்: காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும், மதிய உணவு முடிந்ததும், கடைசிப் பாடவேளைக்கு முன்பும்.
- குறைந்தது இரண்டு அறைகள்: ஷீட் கூரை ஒன்று, கான்கிரீட் கூரையுள்ள கீழ்த்தள அறை ஒன்று. ஒப்பீடு இல்லாத எண்ணை "எல்லா ஊரிலும் வெயில்தான்" என்று தள்ளிவிடுவார்கள்.
- அதே நேரத்தில் வெளியே மர நிழலில் எவ்வளவு என்பதையும் குறிக்கவும்.
- ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், அறை, மாணவர் எண்ணிக்கை, மின்விசிறி ஓடியதா, மின்தடை இருந்ததா, அளந்தவரின் கையெழுத்து.

மார்ச் முழுவதும், ஏப்ரலில் பள்ளி நடக்கும் நாள்களிலும் அளந்தால் வலுவான பதிவு கிடைக்கும். அளவு எடுக்கத் தவறிய நாளை வெற்றிடமாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரே ஓர் எண் மொத்தக் குறிப்பேட்டையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

எண்ணோடு மனிதர்களையும் எழுதுங்கள். பெயர் மட்டும் வேண்டாம். "இன்று மதியம் 7-ஆ பிரிவில் மூன்று பேர் தலைவலி என்றார்கள், ஒருவர் வாந்தி எடுத்தார்" என்பது போதும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு என்பது அந்தப் பிள்ளையின் அந்தரங்கம்.

மாணவிகள் ஏன் பாதிக்குக் குறையாமல் வேண்டும் என்றேன் அல்லவா? தமிழகப் பள்ளிகளில் 2025இல் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கேரளம் 2019லேயே தொடங்கிய பழக்கம் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வராத, கதவுத் தாழ்ப்பாள் போடாத பள்ளியில் மணி எத்தனை முறை அடித்தாலும் மாணவிகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு மாலைவரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அதன் பலன் சிறுநீர்த் தொற்று, மயக்கம், மாதவிடாய் நாள்களில் விடுப்பு. பெண் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இந்த விஷயம் குறிப்பேட்டுக்குள் வந்தால்தான், வெப்பப் பிரச்சினைக்குக் கூரையோடு கழிப்பறையும் தீர்வு என்பது அலுவலருக்குப் புரியும்.

*புகை என்றால்:* மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர், ராயபுரம் முதலிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. 50 வரை நன்று. 200ஐத் தாண்டினால் மோசம். 400க்கு மேல் மிகக் கடுமை. ஆனால் அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடுவது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஒரு மணி நேரம் குப்பை எரிந்தால், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் சராசரியில் அது கரைந்து காணாமல் போகும். ஆகவே நாட்குறிப்பு எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எந்தப் பக்கக் காற்று, என்ன நெடி, எந்த ஜன்னல்களை மூடினார்கள். புகையைப் படம் எடுங்கள், மனிதர்களை எடுக்காதீர்கள். மலிவு விலைக் காற்றுக் கருவிகள் ஈரப்பதமான நாளில் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம்.

நுண்துகள் பி.எம். 2.5க்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த வரம்பு என்று மரியாதையாகக் கேளுங்கள்.

*குடிநீர் என்றால்:* நீங்களே சோதித்து முடிவு சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. பள்ளியின் பெயரில் கட்டணம் கட்டி அறிக்கை வாங்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பள்ளிகள் ஃபுளோரைடை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும்.

படி 4: முடிவு யார் கையில்?

தவறான வாசலில் நின்றால் நல்ல மனுவும் வீண். பள்ளிக் கட்டடம், கழிப்பறை, பாடவேளை மாற்றம் ஆகியவற்றுக்குத் தொடக்க, நடுநிலைப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் தொடங்கி, மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே போக வேண்டும். குப்பை எரிப்புக்கு ஊராட்சியில் ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர். நகரமென்றால் கவுன்சிலர், சுகாதார அலுவலர், ஆணையர். ஆலை நெடி, கழிவுநீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர். அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று அவர்களிடமும் பேசுங்கள்.

மாவட்ட ஆட்சியர் எல்லாத் துறைக்கும் பொது. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு அவர்தான் தலைமை. மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். பல அலுவலகங்களுக்கே இது நினைவில் இருக்காது, மனுவில் நினைவுபடுத்துங்கள். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும் சேர்த்து எழுதுங்கள். புயலுக்கு முன்னேற்பாடு கேட்பது போலவே வெயிலுக்கும் கேட்கலாம் என்று அதற்குப் பொருள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் தேடி வைத்திருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம், 'நமக்கு நாமே' திட்டம், பழைய மாணவர்கள் என்று வழிகள் இருக்கின்றன. "நிதி இல்லை" என்ற பதிலுக்கு அடுத்த நொடியே நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும்.

படி 5: தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்

10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம், இணையத்திலும் அனுப்பலாம். பெற்றோர் ஒருவர் பெயரில் அனுப்புவது நல்லது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் கூரையை மாற்றவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்ல அந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: கட்டடம் கட்டிய ஆண்டு, கடைசியாகப் பராமரிப்புச் செலவு செய்ததன் பதிவேட்டு நகல், குடிநீர்த் தொட்டி கழுவிய தேதிகள், பள்ளிக்கு 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்குத் தந்த இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) நகல்.

படி 6: மனு எழுதுதல்

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். அட்டவணை, படங்கள், தீர்மான நகல் எல்லாம் இணைப்பாகப் போகட்டும். கோரிக்கையை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: பணமே வேண்டாதது, கொஞ்சம் பணம் வேண்டியது, அடுத்த நிதியாண்டுக்கானது. முதல் அடுக்கை மறுப்பது யாருக்கும் கடினம். அது கிடைத்துவிட்டால் குழுவுக்குத் தெம்பு வரும். மாதிரி ஒன்று தருகிறேன்.

*அனுப்புநர்:* தலைவர் மற்றும் உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழு, ______ பள்ளி.
*பெறுநர்:* முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், ______ மாவட்டம்.
*பொருள்:* சிமென்ட் ஷீட் கூரை வகுப்பறைகளில் மிகை வெப்பம் – வரும் கோடைக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் பள்ளியில் ___, ___ வகுப்புகளைச் சேர்ந்த ___ மாணவர்கள் சிமென்ட் ஷீட் கூரையிட்ட அறைகளில் படிக்கின்றனர். சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் ___ முதல் ___ வரை பள்ளி நாள்களில் நாளுக்கு மூன்று முறை அளந்ததில், மதிய வேளையில் அந்த அறைகள் கான்கிரீட் அறைகளைவிடச் சராசரியாக ___ டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தன. இந்நாள்களில் ___ முறை மாணவர்களுக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி ஏற்பட்டது. முழு அட்டவணை இணைப்பு 1இல் உள்ளது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்:
1. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மதிய உணவுக்குப் பிறகு இவ்வகுப்புகளைக் கீழ்த்தள அறைகளுக்கோ நூலகத்துக்கோ மாற்றவும், நண்பகல் வேளையில் உடற்கல்வி வகுப்பைத் தவிர்க்கவும் அனுமதி.
2. வரும் பிப்ரவரி இறுதிக்குள் கூரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு, கூடுதல் மின்விசிறிகள், மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும் கதவுத் தாழ்ப்பாளும்.
3. அடுத்த நிதியாண்டில் இவ்வறைகளுக்கு மாற்றாக நிலையான கட்டடம் கட்ட மதிப்பீடு தயாரித்தல்.

___ தேதியிட்ட குழுத் தீர்மானத்தின் நகல் இணைப்பு 2இல் உள்ளது. இப்பொருள் குறித்து நேரில் விளக்க நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.

மனு இவ்வளவுதான். "தாழ்மையுடன் மன்றாடுகிறோம்" என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

வெள்ளைப் பூச்சு புதுமையான கோரிக்கையும் அல்ல. 2010 மே மாத வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே அறிவித்தது. ஓர் எச்சரிக்கை: பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அதைத் தேய்க்கவோ கழுவவோ துளையிடவோ மாணவர்களை ஏற்றவே கூடாது. அந்தத் தூசு பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைத் தாக்கும். பாதுகாப்பு முறை தெரிந்த பணியாளர்தான் செய்ய வேண்டும்.

சட்டத்தை மேற்கோள் காட்ட விரும்பினால் ஒரே பத்தியில் முடியுங்கள். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 24ஆம் பிரிவு குழந்தையின் உடல்நலத்தோடு சுற்றுச்சூழல் மாசின் ஆபத்தையும் பேசுகிறது. 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்துக்குக் காதுகொடுக்க வேண்டும் என்கிறது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளுக்குள் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது. குப்பை எரிப்புக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் 5,000 ரூபாயும் பெரும் அளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்ததைக் குறிப்பிடலாம்.

படி 7: எப்போது, எங்கே கொடுப்பது

மார்ச், ஏப்ரலில் அளந்து, கோடை விடுமுறையில் அட்டவணை போட்டு, ஜூனில் பள்ளி திறந்ததும் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். ஜூலையில் மனு. அப்போதுதான் மதிப்பீடு, ஒப்புதல், வேலை எல்லாம் அடுத்த பிப்ரவரிக்குள் நடக்க வாய்ப்பிருக்கிறது. ஏப்ரலில் கொடுக்கும் வெப்ப மனு மழைக்காலத்தில்தான் மேசைக்கு வரும்.

திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் ரசீதும் எண்ணும் தருவார்கள். அந்த எண் இல்லாமல் திரும்பாதீர்கள். கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் கிராம சபை கூடும். வாக்குரிமை 18 வயதானவர்களுக்குத்தான். ஆனால் பிள்ளைகள் தங்கள் அளவீட்டைப் படித்துக் காட்ட, பெற்றோர் அதைத் தீர்மானமாக முன்மொழியலாம். கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிக் கிராம சபை நடக்கிறது. இங்கும் அது பரவ வேண்டும் என்பது என் ஆசை.

நேரில் பேசும்போது இரண்டு மாணவர்கள் போதும், மூன்று நிமிடம். முதலாமவர் எண்ணைச் சொல்லட்டும், இரண்டாமவர் கோரிக்கையைச் சொல்லட்டும். பாதிக்கப்படும் வகுப்பில் படிக்கும் சின்னப் பிள்ளை ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. ஆனால் பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்க வைக்காதீர்கள். கிளம்புமுன் "எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன தேதியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்க்கும்படி எழுதுங்கள்.

படி 8: பதில் வராவிட்டால்

சொன்ன தேதிக்கு மறுவாரம் நினைவூட்டல் கடிதம், பழைய ரசீது எண்ணோடு. அதற்கும் மௌனம் என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மையம், மனுவின் நிலை கேட்டுத் தகவல் உரிமை விண்ணப்பம், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், உள்ளூர்ச் செய்தியாளர் என்று வரிசையாகப் போகலாம். செய்தியாளரிடம் அட்டவணையைக் கொடுங்கள். பேட்டி கொடுக்கும் மாணவரின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நீதிமன்றம் கடைசி. உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017இல், ஒன்பது வயதில், காலநிலை நடவடிக்கை கோரிப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019இல் அந்த மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு கிரெட்டா துன்பர்க் உள்ளிட்ட பதினைந்து பேருடன் சேர்ந்து ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவில் ஐந்து நாடுகளுக்கு எதிராக முறையிட்டார். முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்று 2021இல் அதுவும் ஏற்கப்படவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கரியுமிழ்வு எல்லை தாண்டிக் குழந்தைகளைப் பாதித்தால் அந்த நாடு பொறுப்பாகலாம் என்பதை அந்தக் குழு ஒப்புக்கொண்டது. 2023இல் அதே குழு காலநிலையையும் குழந்தை உரிமையையும் இணைத்துத் தனி விளக்கவுரையே வெளியிட்டது. 121 நாடுகளின் பிள்ளைகள் அதற்குக் கருத்து அனுப்பியிருந்தார்கள். தோற்ற வழக்கும் வழி திறக்கும் என்பது உண்மை. கீழ்ப்படிகளில் ஏறியதற்கான ரசீதுகள் கையில் இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

பாதுகாப்பு: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது

ஆலைக்குள் நுழையாதீர்கள். கழிவுநீரைப் பாட்டிலில் பிடிக்காதீர்கள். நெடி வந்தால் நின்று படம் எடுக்க வேண்டாம், முதலில் வெளியேறுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நெடியால் மாணவிகள் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். இத்தகைய பகுதிகளில் இருக்கும் பள்ளி கேட்க வேண்டிய முதல் கோரிக்கை, வெளியேறும் ஒத்திகையும் யாரை அழைப்பது என்ற பலகையும்தான்.

ஆலையின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். கண்டதை, முகர்ந்ததை, நேரத்தோடு சொல்லுங்கள். மூலத்தைக் கண்டுபிடிப்பது வாரியத்தின் கடமை. 18 வயதுக்குட்பட்டவர்களைச் சாலை மறியலுக்கோ முற்றுகைக்கோ அழைத்துப் போகக் கூடாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களில் பதின்ம வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. தெருவில் இறங்கிப் போராடும் பொறுப்பைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும்.

பிள்ளைகளின் தொலைபேசி எண், முகவரி, நோய் விவரம் எதுவும் வாட்ஸ்அப் குழுக்களில் போகக் கூடாது. அளக்கும் நாளில் யாராவது வெயிலில் தடுமாறினாலோ உளறினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்து, 108ஐ அழையுங்கள். மயங்கிய பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். யாராவது மிரட்டினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

மனச்சோர்வையும் கவனியுங்கள். 2021இல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டபோது 59 விழுக்காட்டினர் காலநிலை குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். தேர்வு நேரத்தில் வேலையை நிறுத்திவையுங்கள். சோர்ந்த பிள்ளையை விடுவித்து, இன்னொருவரிடம் குறிப்பேட்டைக் கொடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

பூச்சு அடித்தார்கள், தாழ்ப்பாள் போட்டார்கள் என்றால் மீண்டும் அளக்க வேண்டும். அதே அறை, அதே உயரம், அதே நேரங்கள். எத்தனை டிகிரி குறைந்தது என்பதை மனு கொடுத்த அலுவலருக்கே நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். அடுத்த பள்ளிக்கு நிதி ஒதுக்க அவருக்கு அது சான்றாகும். குறையவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், மூன்றாவது அடுக்குக் கோரிக்கைக்கு அதுவே காரணம். குறிப்பேடு, ரசீதுகள், பதில் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துச் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை அடுத்த மார்ச்சில் அளக்கப் பழக்குங்கள்.